குரல் வரும்வரை தொடாதே

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பழைய பட்டறையிலிருந்து இளம்பிள்ளைகள் சிலவேளை தொலைபேசி எடுப்பார்கள். கழற்ற முடியாத ஒரு திருகாணி, எங்கும் கிடைக்காத ஓர் உதிரிப்பாகம், இப்படி ஏதாவது ஒரு சாட்டு இருக்கும். அண்மையில் எடுத்தவனிடம் சாட்டு எதுவும் இருக்கவில்லை.

"அங்கிள், லினக்ஸ் தொடங்கேக்கை ஓடுற எழுத்துகளை இப்ப மறைச்சுப்போட்டுப் படம் காட்டுறாங்கள். உங்கட காலத்திலை உதெல்லாம் இருந்து வாசிச்சனீங்களோ?"

"ஒவ்வொரு வரியும்."

"அலுப்படிக்காதோ?"

"அலுப்படிக்கேல்லை. பயமாத்தான் இருந்தது."

அவன் சிரித்தான். பகிடி என்று நினைத்திருப்பான். அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் அது ஏன் பகிடி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட ஒரு கணினியை முடுக்கினால் கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடத் தொடங்கும். இப்போது நினைவகத்தைப் பார்க்கிறேன், இப்போது வட்டைச் சோதிக்கிறேன், இப்போது வலையமைப்பைத் தேடுகிறேன் என்று இயந்திரம் தான் செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். எங்காவது நின்றுவிட்டால் கடைசி வரியைப் பார்க்க வேண்டும். பிழை அந்த வரியில் இருக்கும், அல்லது அதற்கு அடுத்ததாக வந்திருக்க வேண்டிய வரியில் இருக்கும். எங்கள் தொழிலில் பாதி அதுதான். கடைசி வரியை வாசிக்க ஆள் இல்லாத ஓர் இயந்திரம் வந்தபோது என்ன நடந்தது என்பதே இந்தக் கட்டுரை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊரில் மின்பொறியியலில் ஒரு டிப்ளோமா, ஒரு தொழிற்சாலையில் சில வருட வேலை. பிறகு கனடா. ரொறன்ரோவில் முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு பெட்டி மடிக்கும் தொழிற்சாலை, மாலையில் கல்லூரி வகுப்பு. வகுப்பு முடித்த கையோடு வெக்ஸ்போர்ட்டில் ஒரு சிறு கணினித் திருத்தகத்தில் இடம் கிடைத்தது. லோரன்ஸ் வீதியில், ஷவர்மா கடைக்குப் பின்பக்கம் இருந்த ஒரு நீளமான அறை. பத்து மணிக்கே இறைச்சி வாசம் வரத் தொடங்கிவிடும்.

பட்டறைக்குப் பொறுப்பானவர் ஹென்றிக் என்ற போலந்துக்காரர். உயரமான மனிதர். எப்போதும் ஒரு பழைய கம்பளி மேற்சட்டை போட்டிருப்பார். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. பிழை செய்தவனின் மேசைக்குப் பக்கத்தில் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான். நாங்களே பிழையைக் கண்டுபிடிக்கும்வரை அப்படியே நிற்பார். ஏசினால் பரவாயில்லை என்று இருக்கும்.

அவருடைய நடைமுறை மாறாதது. இயந்திரம் வந்ததும் முதலில் அதைத் துடைக்க வேண்டும். இயந்திரத்தோடு பிறக்காத எதுவும் அதன்மேல் இருக்கக்கூடாது. ஒட்டுப்படம், துண்டுத்தாள், தூசி, எல்லாம் குப்பைக்கு. பிறகு முடுக்க வேண்டும். முடுக்கிய பின் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். நின்றுவிட்டாலும் உடனே அணைக்கக் கூடாது, விசைகளைத் தட்டக் கூடாது. "நின்றுவிட்டதா, காத்திருக்கிறதா என்று உனக்குத் தெரியாது. தெரியும்வரை தொடாதே" என்பார்.

ஒருமுறை ரெக்ஸ்டேலிலிருந்து ஒருவர் கொட்டும் பனிக்குள் நகரத்தின் மறுகரைவரை கார் ஓட்டிக்கொண்டு வந்தார். கணினியை முன் ஆசனத்தில் வைத்து பெல்ற் போட்டிருந்தார். தொடங்கவே மாட்டேன் என்கிறது என்றார். எனக்குப் பக்கத்து மேசை ரமணன், யாழ்ப்பாணத்துப் பொடியன்தான், வாய் கொஞ்சம் நீளம். அவன் குனிந்து பார்த்துவிட்டு, பிளொப்பித் தட்டு செருகும் வாயிலிருந்து மறந்துபோன ஒரு பிளொப்பியை வெளியே இழுத்தான். அதற்குள் தேடித் திணறிக்கொண்டிருந்த கணினி உடனே தொடங்கியது. அந்த மனிதர் போன பிறகு ரமணன், "அண்ணை, பெல்ற் போட்டவருக்கு வாயைத் திறந்து பார்க்கத் தெரியேல்லைப் பாருங்கோ" என்று சொல்லிச் சிரித்தான். ஹென்றிக் அவன் மேசைக்கு வந்து நின்றார். கையைக் கட்டினார். ரமணனின் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

இன்னொரு விதியும் இருந்தது. எவரும் தன் வீட்டு இயந்திரத்தைத் தானே திருத்தக் கூடாது. மற்றவன் மேசைக்குக் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். "வீட்டு இயந்திரம் என்றால் நீ அவசரப்படுவாய். அவசரப்படுபவனுக்கு என் பட்டறையில் மேசை இல்லை" என்றார். அது ஒரு வயதானவரின் பிடிவாதம் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வதனிக்குப் பார்வை பிறந்தபோது இருந்தது. விழித்திரை நோயால் பள்ளிக்கூட வயதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உயர்பள்ளிக்குப் போகும்போது முற்றாகப் போய்விட்டது. அவள் அதற்குப் பழகிக்கொண்டாள். நாங்கள் பழகவில்லை. நானும் என் மனைவி சறோவும் ஒவ்வொரு காலையும் அவள் வெள்ளைத் தடியோடு பஸ் தரிப்பை நோக்கிப் போவதை யன்னலில் நின்று பார்ப்போம். அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம் நான் வேலைக்குப் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு, அதே பஸ்ஸில், பின் ஆசனத்தில், சத்தமில்லாமல் ஏறி இருந்தேன். சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கியவள் திரும்பி நின்றாள்.

"அப்பா, உங்கட இருமல் எனக்குத் தெரியும். கோ டு வேர்க்."

போனேன். ஆனால் அடுத்த நாளும் அந்த பஸ்ஸில் ஏற எனக்குக் கால் துடித்தது.

அவளிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. திரை உடைந்துபோனது. பட்டறையில் யாரும் வேண்டாம் என்று விட்டதை நான் கேட்டு வாங்கி வந்தேன். அவளுக்குத் திரை எதற்கு? பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்த ஒருத்தி அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். சவர்க்காரப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு குரல் பெட்டியைக் கணினியின் பின்புறம் செருகினால், திரையில் வரும் வரிகளை அது வாய்விட்டுச் சொல்லும். லினக்ஸில் ஒரு நன்மை, தொடங்கும்போதே குரலும் தொடங்கிவிடும். தடிமன் பிடித்து மூக்கடைத்த ஒருவன் தகர டப்பாவுக்குள் இருந்து ஆங்கிலம் பேசுவது போல இருக்கும். சறோ அதற்குத் தகரத்தான் என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் தேத்தண்ணியோடு போய், "தகரத்தான் எழும்பிட்டானோ பிள்ளை?" என்று கேட்பாள்.

நான் வதனிக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தேன். குரல் வரும்வரை ஒரு விசையையும் தொடாதே. கணினி இடையில் ஏதாவது கேள்வி கேட்டு நிற்கும். வட்டில் இருப்பதை மாற்றவா என்றுகூடக் கேட்கும். பாராமல் ஒரு விசையைத் தட்டினால் அதற்கு ஆம் என்று சொல்லிவிடக்கூடும். அவளுடைய முழுப் படிப்பும் அந்த வட்டில் இருந்தது.

அந்த ஆண்டு அவளுக்கு ஒட்டாவாவில், ஓர் அரச அலுவலகத்தில், பல்கலைக்கழகத்தின் வேலைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. நான்கு மாதம், தனியாக ஓர் அறை எடுத்து இருக்க வேண்டும். அடுத்த கிழமை வெள்ளிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொந்தக் கணினியில் வேலை செய்வதாக அவள் அவர்களிடம் சொல்லியிருந்தாள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்ல ஓர் ஆளைத் தருவதாக அவர்கள் சொன்னார்கள். அவள் அதை வேண்டாம் என்றாள்.

வீட்டில் பிரச்சினை தொடங்கியது.

"தனிய இருந்து அடுப்பு மூட்டிச் சமைப்பியோ?" என்றாள் சறோ.

"இஞ்சையும் நான்தானே அம்மா தேத்தண்ணி போடுறன்."

"இஞ்சை நான் நிக்கிறன்."

"அதுதான் பிரச்சினை."

எனக்கும் மகளைப் போகவிட மனமில்லை என்பது அவளுக்கே தெரியும். கடைசியில், "கணினி ஒழுங்கா வேலை செய்தாப் போகலாம்" என்று ஏதோ நீதிபதி மாதிரிச் சொன்னேன். அது நன்றாகத்தானே வேலை செய்கிறது என்ற தைரியத்தில் வதனியும் சம்மதித்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை தகரத்தான் எழும்பவில்லை.

வதனி முடுக்கினாள். காற்றாடி சுழலும் சத்தம் கேட்டது. வட்டு கிர்ரென்று கொஞ்சநேரம் ஓடியது. பிறகு ஒன்றும் இல்லை. அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. அணைத்துவிட்டு மறுபடி முடுக்கினோம். அதே சத்தம், அதே இடத்தில் மௌனம். குரல் பெட்டியின் வயரைக் கழற்றிப் பூட்டினேன். பயனில்லை. கடைசி வரி என்ன என்று பார்க்கத் திரை இல்லை. வாழ்நாளில் அன்றுதான் என் மகள் நிற்கும் இடத்தில் நான் நின்றேன்.

திங்கட்கிழமை அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் விதிப்படி ரமணனிடம் கொடுத்தேன். அவன் துடைத்து, வெளித்திரை ஒன்றைப் பூட்டி முடுக்கினான். வரிகள் மளமளவென்று ஓடின. தகரத்தான் பேசினான். திரும்பத் திரும்ப முடுக்கிப் பார்த்தான். ஒருமுறைகூட நிற்கவில்லை.

"அண்ணை, உது என்னைவிட நல்லாக் கதைக்குது. வீட்டிலை எல்லாரும் பேசாமல் இருக்கிறதைப் பார்த்து அதுவும் பேசாமல் இருந்திருக்கும்."

பட்டறை அட்டையில் 'பிழை காணப்படவில்லை' என்று எழுதினான். வீட்டுக்குக் கொண்டுபோனேன். சறோ அதை என் கையிலிருந்து வாங்கி, வழக்கம்போலத் துடைத்துச் சுத்தமாக்கி, மகளின் மேசையில் வைத்தாள். செவ்வாய் காலை அது மறுபடியும் பேசவில்லை.

மறுபடியும் ரமணன். இந்த முறை குரல் பெட்டியின் வயரை மாற்றினான். நினைவகத்தைச் சோதித்தான். வட்டின் மேற்பரப்பு முழுவதையும் சோதிக்க விட்டான். எல்லாம் சரி. நான் என் மேசையில் ஒரு மின்வழங்கியைத் திருத்திக்கொண்டே அவன் திரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹென்றிக் எனக்கும் அவனுக்கும் இடையில் வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

புதன் காலை வீட்டில் மறுபடியும் மௌனம்.

வதனி மூடியைச் சாத்தினாள். அவள் முகம் எனக்கு நேராக இருந்தது. பார்வை இருந்திருந்தால் என் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டிருப்பாள்.

"ஷொப்பிலை வேலை செய்யுது. நீங்கள் கொண்டுவந்தா வேலை செய்யேல்லை. ஷொப்புக்குப் போனா திரும்ப வேலை செய்யுது. நீங்கள் என்ன செய்யிறியள் அப்பா?"

"நான் என்ன பிள்ளை செய்யிறது?"

"ஐ டோன்ட் நோ. யூ ஆர் த டெக்னீஷியன். பஸ்ஸிலை பின்னாலை வந்தனீங்கள் தானே. உதையும் செய்வியள்."

சறோ சமையலறையிலிருந்து, "அப்பாவோடை என்ன கதை கதைக்கிறாய்?" என்று கத்தினாள். வதனி தன் தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் எதையும் செய்யவில்லை. இதை எத்தனை முறையும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக அந்த மௌனம் வந்தபோது என் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. இனி அவள் போகமாட்டாள் என்று ஒரு நிம்மதி. அது என் முகத்தில் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் அவள் கண்டிருக்கமாட்டாள். குரலில் கேட்டிருப்பாளோ? இருமலை வைத்தே ஆளைப் பிடிக்கிறவள். என் பிள்ளை ஒரு காலைப்பொழுது முழுவதும், தகப்பனே தன் வழியை மறிக்கிறான் என்று நம்பிக்கொண்டு ஸ்காபரோ வீதியில் நடந்திருக்கிறாள்.

அன்று பட்டறையில் ஹென்றிக்கிடம் போய், வெளித்திரை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகத் தரச்சொல்லிக் கேட்டேன். அந்தக் காலத்து வெளித்திரை அரிசி மூட்டைப் பாரம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாவது போகத் தயாராக இருந்தேன்.

"வேண்டாம்" என்றார். "அங்கே கொண்டுபோனால் நீதான் பூட்டுவாய், நீதான் முடுக்குவாய். நாங்கள் முடுக்கினால் அது வேலை செய்கிறது. யார் முடுக்கினால் வேலை செய்யவில்லை?"

"என் மகள்."

"அப்படியானால் எனக்கு வேண்டியது உன் மகள்."

வியாழன் மத்தியானம் வதனி வந்தாள். சறோவும் கூடவே வந்திருந்தாள். கணினியைத் தன் கையாலேயே பையில் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள் வதனி. என்னோடு அவள் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் வெள்ளி, ஒட்டாவாவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள்.

ஹென்றிக் என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார். அங்கிருந்து திரை தெரியாது. மகளின் கைகள் மட்டும் தெரிந்தன. ரமணனிடம், "துடைக்காதே, தொடாதே. வெளித்திரையின் வயரை மட்டும் பூட்டிவிடு" என்றார். பிறகு வதனியிடம், "உன் வீட்டில் எப்படிச் செய்வாயோ அப்படியே செய்" என்றார்.

அவள் பையின் சிப்பைத் திறந்தாள். கணினியை வெளியே எடுத்தாள். ஓரங்களைத் தடவி மேசையில் நேராக வைத்தாள். மூடியைத் திறந்தாள். குரல் பெட்டியைச் செருகினாள். முடுக்கும் பொத்தானை அழுத்தினாள். கைகளை மடியில் வைத்தாள். காற்றாடி சுழன்றது. வட்டு ஓடியது. பிறகு ஒன்றும் இல்லை.

அந்த மௌனம் இப்போது பட்டறையிலும் வந்துவிட்டது. ரமணன் திரையைப் பார்த்து, "அட" என்றான்.

ஹென்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து விசைப்பலகையைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அதன் பின்முனையால் இடதுபக்க மூலையை மெல்லத் தொட்டார்.

"இது என்ன?"

நான் கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பொலித்தீன். விசைப்பலகை முழுவதையும் மூடி, பின்பக்கத்தில் ஒட்டுநாடாவால் இழுத்து ஒட்டிய ஒரு பொலித்தீன் உறை.

எங்கள் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அது புதினமாக இராது. எங்கள் ரீவி றிமோட் பொலித்தீனுக்குள் இருந்தது. தொலைபேசி, சோபா, விளக்கின் தொப்பி, எல்லாவற்றுக்கும் உறை இருந்தது. எங்கள் ஆட்கள் பலருடைய வீடுகளில் அப்படித்தான். வாங்கிய பொருள் வாங்கியபடியே இருக்க வேண்டும். நான் அந்தப் பொலித்தீனை மூன்று நாளும் பார்த்திருக்கிறேன். ஒருமுறையும் காணவில்லை.

"ஆர் உதைப் போட்டது?" என்றேன்.

"நான்தான்" என்றாள் சறோ. "போன கிழமை பிள்ளை தேத்தண்ணியைத் தட்டப் பார்த்தவள். அதுக்குத்தான் போட்டனான். ஷொப்பிலை உறையைத் தொலைச்சுத் தொலைச்சுப் போடுறாங்கள் எண்டு ஒவ்வொருமுறையும் புதிசா வெட்டிப் போடுறன். கடைசியாப் போட்டது நல்ல இறுக்கமாக்கூட வந்திது."

ரமணனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நான்தான் கழட்டிக் குப்பைக்குள்ளை போட்டனான் அக்கா. ஒவ்வொருமுறையும் துடைக்கேக்கை."

லினக்ஸ் தொடங்குவதற்கு முன்னால் லைலோ என்ற ஒரு சிறு நிரல் ஓடும். எந்த அமைப்பைத் தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பது அது. அந்த நேரத்தில் ஷிப்ட் விசை அழுத்தப்பட்டிருந்தால், பயனருக்கு ஏதோ சொல்ல இருக்கிறது என்று நினைத்து அது நின்றுவிடும். திரையில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, நாம் ஏதாவது தட்டச்சு செய்யும்வரை எத்தனை மணி நேரமானாலும் காத்திருக்கும். மூடியைத் திறக்கும்போது சறோவின் பொலித்தீன் இழுபட்டு, இடது மூலையில் இருந்த ஷிப்ட் விசையை அமத்திப் பிடித்திருந்தது. குரல் அதற்குப் பிறகுதான் வரும். குரல் வராமல் அவள் எதையும் தொடமாட்டாள். தாய் மூடி வைத்தாள், தகப்பன் தொடாதே என்றான், கணினி பேச்சுமூச்சில்லாமல் காத்திருந்தது.

இதை ஹென்றிக் எவ்வளவு நிதானமாக வதனிக்கு விளக்கினார் என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பொலித்தீனைக் கழற்றவில்லை. அவள் விரலைப் பிடிக்கவும் இல்லை. "இடது மூலையைத் தொட்டுப் பார்" என்றார். அவள் தொட்டாள். விசை ஏற்கெனவே கீழே போயிருந்ததை உணர்ந்தாள். "இப்போது என்ரர் விசையைத் தட்டு" என்றார்.

அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள். அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதானே நான் சொல்லியிருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தட்டினாள்.

தகரத்தான் மூக்கடைத்த குரலில் பேசத் தொடங்கினான்.

ரமணன் சிரிக்கத் தொடங்கி, ஹென்றிக்கைப் பார்த்து நிறுத்தினான். ஆனால் அன்று ஹென்றிக்கும் சிரித்தார். சறோ மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒட்டுநாடாவை நகத்தால் கிளப்பி, உறையை மெல்ல உரித்து, நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். எறிய மனம் வரவில்லை.

"அப்பா எங்கை நிக்கிறியள்?" என்றாள் வதனி.

"இஞ்சை, கதவடியிலை."

"அம்மாவை ஏசாதேங்கோ, என்ன."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்வதா, இல்லை எனக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலை அவளுக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. "ஏசமாட்டன்" என்றேன்.

இனி ஷிப்ட் அமுங்கினாலும் லைலோ கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தானே தொடங்கும்படி ரமணன் மாற்றினான். வெள்ளிக்கிழமை அவள் ஒட்டாவாவுக்குத் தொலைபேசி எடுத்து வருகிறேன் என்று சொன்னாள். நீதிபதியின் தீர்ப்பை நீதிபதியே மாற்ற முடியாதே.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த கிழமை எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அடுப்பைப் பற்றி சறோ பயந்தாள். நான் வீதியைப் பற்றி, பனியைப் பற்றி, அவளுடைய அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பவர் யார் என்பதைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றிப் பயந்தேன். மாலையில் அவள் எடுக்கும் தொலைபேசி அழைப்புக்காக இருவரும் அதன் பக்கத்திலேயே இருப்போம். எடுத்தால் இரண்டு நிமிடம், "நல்லா இருக்கிறன்" என்பாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம், நாங்கள் பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரமணனின் மேசைத் தொலைபேசி அடித்தது. அவன் ஒரு கையில் ரொட்டியோடு எடுத்தான்.

"ஓம், சொல்லுங்கோ தங்கச்சி."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பாடுபட்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"குரல் வந்ததோ?... வந்து நிண்டிட்டுதோ?... சரி. கடைசியாச் சொன்னது என்ன?"

நான் எழும்பினேன். எதிர் மேசையில் ஹென்றிக் தன் சூப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். நான் உட்கார்ந்தேன்.

"சென்ட்மெயிலோ... ஓ. இண்டைக்கு மேசை மாறினனீங்களோ?... புது மேசையிலை நெட்வேர்க் வயர் பூட்டியிருக்கோ?... பூட்டினதோ, ஆனால் உயிர் இல்லையோ?"

எனக்கு உடனே பிடிபட்டது. தொடங்கும்போது சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரல் கணினியின் பெயரை வலையமைப்பில் கேட்டுப் பார்க்கும். பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் நிமிடக்கணக்கில் காத்திருக்கும். பிறகு சலித்துப்போய்த் தானே நகரும். நின்றுவிடவில்லை, காத்திருக்கிறது. அந்த அலுவலகத்தின் வலையமைப்பு விபரங்களை அவள் தானாகவே கணினிக்குள் போட்டிருக்கிறாள் என்பதும் விளங்கியது. யார் போட்டுக் கொடுத்தார்கள்? யாருமில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தும் வாயைத் திறக்க முடியாமல் இருந்தேன்.

"அணைச்சுப் போடாதேங்கோ. பொறுங்கோ... என்ன, மீட்டிங்கோ? எல்லாரும் நிக்கிறாங்களோ?... நிக்கட்டும். நீங்கள் பொறுங்கோ."

ரமணன் ரொட்டியைக் கடித்தான். மெதுவாக மென்றான். எனக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. ஒட்டாவாவில் ஓர் அறையில் கோட் போட்ட ஆட்கள் சுற்றி நிற்க, என் பிள்ளை மடியில் கைகளை வைத்துக்கொண்டு இருப்பது எனக்குத் தெரிந்தது. யாராவது ஒருவர், பாவம், நான் வாசித்துச் சொல்கிறேன் என்று சொல்லப் போகிறார். அணைத்துவிடுவாளோ? அணைத்தால் வட்டுக் குழம்பும். குழம்பினால் அவ்வளவுதான். ஷவர்மா கடையின் புகைபோக்கி இரைந்துகொண்டே இருந்தது. ரமணன் இரண்டாவது ரொட்டியையும் எடுத்தான்.

பிறகு அவன் மென்றதை நிறுத்தினான். தொலைபேசியைக் காதோடு அழுத்தினான். அவன் முகம் மலர்ந்தது.

"ம்ம்... கேக்குது, எனக்கும் கேக்குது. சரி, மீட்டிங் முடிஞ்சாப் பிறகு ஹோஸ்ட்ஸ் கோப்பிலை உங்கட மெஷின்ர பேரை ஒரு வரியிலை எழுதிவிடுங்கோ. பிறகு உப்பிடி நிக்காது... தெரியுமோ? கெட்டிக்காரி."

கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது நேராக என்னைப் பார்த்தான்.

"இல்லை, அவர் இஞ்சை இல்லை. சாப்பிடப் போயிட்டார்... ஓம். ஓம். சொல்லமாட்டன் தங்கச்சி. சத்தியமாச் சொல்லமாட்டன்."

தொலைபேசியை வைத்தான். ஹென்றிக் தன் சூப்புக் கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். என் மேசையைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றார். கையைக் கட்டவில்லை.

மாலையில் வழமைபோல வீட்டுத் தொலைபேசி அடித்தது. சறோ எடுத்து, சாப்பாடு, குளிர், சப்பாத்து என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

"எப்பிடிப் பிள்ளை இண்டைக்கு?" என்றேன்.

"நல்லம் அப்பா. மீட்டிங் ஒண்டு இருந்தது. எவ்ரிதிங் வேர்க்ட்."

"கணினி?"

"அது ஒரு பிரச்சினையும் இல்லை."

"நல்லது" என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. நன்றாக இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வைத்ததும் சறோ என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

"உண்மையாவோ?"

"உண்மையா" என்றேன்.